லேமினேட்டட் கத்தி வாங்குபவர்கள் கவனத்துக்கு: ‘வெறும் தோற்றம்தான்’ என்று சொல்லி விரிசலை விற்கிறார்கள்

லேமினேட்டட் எஃகுக் கத்திக்கு, அதாவது கடின எஃகையும் மென்இரும்பையும் அடுக்காக ஒட்டிச் செய்த கத்திக்கு, ஆன்லைனில் பணம் கட்டப் போகிறவர்கள் ஒரு நிமிடம் இதைப் படித்துவிடுங்கள். நடுவில் ஷிரோகாமி என்ற ஜப்பானியக் கார்பன் எஃகு, இரு பக்கமும் மென்இரும்பு என்று சொல்லி எனக்கு ஒரு கத்தியை விற்றார்கள். பெட்டியைத் திறந்ததுமே, பிடியை ஒட்டி இரண்டு உலோகமும் சேரும் கோட்டின் மேல் கறுப்பாக ஒரு கீறல் தெரிந்தது. படம் எடுத்து அனுப்பிக் கேட்டேன். “லேமினேட்டட் என்றால் அப்படித்தான் சார் இருக்கும், வெறும் தோற்றம்தான்” என்றார் விற்றவர். மறுபடி கேட்டேன், அதே பதில். இப்படியே இழுத்தடித்து, திருப்பி அனுப்பும் கெடு முடிந்ததும் கையை விரித்துவிட்டார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். கையால் அடித்த கத்தியில் சேர்கோடு அலை அலையாகப் போகும். நடு எஃகிலிருக்கும் கார்பன் சூட்டில் பக்கத்து இரும்புக்குள் கொஞ்சம் ஊறுவதால், கோட்டை ஒட்டிக் கறுத்த பட்டை விழுவதும் உண்டு. மென்இரும்பில் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். வலப்பக்கம் கோடு சற்று உயரமாகவும் இடப்பக்கம் தாழ்வாகவும் இருக்கலாம். இவற்றால் வெட்டுவதில் ஒரு குறையும் வராது. இதற்காகக் கத்தியைத் திருப்பி அனுப்புவது செய்தவருக்கு அநியாயம்.

என் கத்தியில் இருந்தது வேறு. கழுவி, துணியால் நன்றாகத் துடைத்து வைத்தால், சற்று நேரத்தில் அந்தக் கீறலிலிருந்து பழுப்புத் தண்ணீர் மெல்லக் கசியும். டிஷ்யூ தாளை அழுத்தி எடுத்தால் அதில் துருக்கோடு பதியும். நகத்தை ஓட்டினால் சிக்கும். அந்த இடத்தில் இரண்டு உலோகமும் ஒட்டவே இல்லை என்று அர்த்தம். காய்ச்சி அடிக்கும்போது நடுவே கசடோ, ஒட்டுவதற்காகத் தூவும் வெண்காரமோ மாட்டிக்கொண்டால் இப்படி ஆகும். உள்ளே தண்ணீரும் உணவும் தங்கும், துரு உள்ளுக்குள்ளேயே பரவும். சமையலுக்கு வைத்திருக்கும் கத்தியில் இதை எப்படித் தோற்றக் குறை என்பது?

அப்புறம் நுனி. முதல் தடவை சாணைக்கல்லில் தீட்டியபோதுதான் தெரிந்தது. தீட்டினால் மென்இரும்பு மங்கலாகும், நடு எஃகு பளிச்சென்று நிற்கும். என் கத்தியில் அந்தப் பளிச்சென்ற பட்டை நுனிக்குக் கொஞ்சம் முன்பே கூர்விளிம்பைத் தொட்டு முடிந்துவிட்டது. அதற்கப்பால் விளிம்பு முழுக்க மென்இரும்புதான். ஷிரோகாமியில் 2 என்ற ரகத்தில் கார்பன் 1.05 முதல் 1.15 சதவீதம். எஃகு பதம் ஏறிக் கடினமாவதே அதனால்தான். மென்இரும்பில் அந்த அளவு கார்பன் கிடையாது, எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. நுனியால் எதை நறுக்கினாலும் உடனே மழுங்கிவிடுகிறது.

வாங்கும் முன்பே இரண்டு பக்கமும் நேர் வெளிச்சத்தில் எடுத்த படம் கேளுங்கள். நுனியையும் பிடியோரத்தையும் கிட்டத்தில் காட்டச் சொல்லுங்கள். சேர்கோடு எந்த இடத்திலும் கூர்விளிம்பைத் தொடக்கூடாது. கத்தி கைக்கு வந்த அன்றே நகத்தையும் டிஷ்யூவையும் வைத்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால், விளக்கம் கேட்டுக் காத்திருக்காமல் கெடுவுக்குள் திருப்பி அனுப்புங்கள்.

துருக்கோடு பதிந்த தாளையும் நுனியையும் படம் எடுத்து விற்றவருக்கு மறுபடி எழுதியிருக்கிறேன். இதுவரை பதில் இல்லை.