ஆல்கோரா, கிரையானிக்ஸ் இன்ஸ்டிடியூட்டா: நூறாம் ஆண்டில் நைட்ரஜன் ஊற்றுவது யார்?

சட்டப்படி இறந்துவிட்டதாக மருத்துவர் அறிவித்த உடனே உடலைக் குளிர்வித்து, −196 பாகை செல்சியசில் திரவ நைட்ரஜனில் வைத்துக் காக்கும் உறைகாப்புச் (கிரையானிக்ஸ்) சங்கங்களில் ஒன்றில் சேர்வது என்று முடிவு செய்து, ஓராண்டுக்கு மேல் படிவங்களையும் கணக்குகளையும் படித்த பிறகு, சென்ற ஆண்டு கையெழுத்திட்டேன். நான் மிச்சிகன் மாநிலத்தின் டிராய் நகரில் இருக்கிறேன். கிளின்டன் டவுன்ஷிப்பில் உள்ள கிரையானிக்ஸ் இன்ஸ்டிடியூட் என் வீட்டிலிருந்து அரை மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. நான் சேர்ந்த ஆல்கோரோ அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேலில், விமானத்தில் சென்றாக வேண்டிய தொலைவில் இருக்கிறது. பக்கத்தில் இருப்பதை, அதுவும் விலை மலிவானதை, விட்டுவிட்டு ஏன் அங்கே போனேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இவ்வாறு வைக்கப்பட்ட எவரும் இன்று வரை மீட்கப்படவில்லை. மீட்கும் வழியும் இன்றைய அறிவியலிடம் இல்லை. இதை மறைத்துவிட்டு எந்தச் சங்கத்தையும் எவருக்கும் பரிந்துரைக்க முடியாது. என்றாவது அது கைகூடலாம் என்ற நம்பிக்கையில், அதுவரை உடல் கெடாமல் காப்பதே இரண்டு சங்கங்களின் வேலை. ஆகவேதான் உள்ளே இருப்பவர்களை இவர்கள் சடலம் என்று சொல்வதில்லை, நோயாளி என்கிறார்கள்.

பொதுவானவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ஆல்கோர் 1972இல் கலிபோர்னியாவில் பிரெட், லிண்டா சேம்பர்லேன் தம்பதியால் தொடங்கப்பட்டு, நிலநடுக்க அச்சம் உள்ள அந்த மாநிலத்தை விட்டு 1994இல் ஸ்காட்ஸ்டேலுக்கு வந்தது. இன்ஸ்டிடியூட்டை 1976இல் தொடங்கியவர் ராபர்ட் எட்டிங்கர் என்ற இயற்பியல் ஆசிரியர். இரண்டும் இலாப நோக்கற்றவை. இரண்டின் கொள்கலன்களும் மின்சாரம் இல்லாமல் இயங்குபவை. ஆவியாகும் நைட்ரஜனை அவ்வப்போது நிரப்பினால் போதும். திசுக்களில் பனிப்படிகம் உருவாகாமல் தடுக்க ஆல்கோர் எம்22 என்ற கரைசலையும், இன்ஸ்டிடியூட் தானே உருவாக்கிய மற்றொரு கரைசலையும் இரத்தக் குழாய்கள் வழியே செலுத்துகின்றன. எது மேலானது என்ற வாதத்தில் நான் இறங்கப் போவதில்லை, ஏனெனில் என் முடிவு அதைச் சார்ந்து அமையவில்லை.

விலையில்தான் கண்ணைப் பறிக்கும் வேறுபாடு இருக்கிறது. இன்ஸ்டிடியூட்டில் 1,250 டாலர் கட்டி ஆயுள் உறுப்பினர் ஆனவருக்கு முழு உடல் காப்பு 28,000 டாலர். ஆண்டுதோறும் சந்தா கட்டுபவருக்கு 35,000 டாலர். ஆல்கோரில் மூளை இருக்கும் தலையை மட்டும் காக்க 80,000 டாலர், முழு உடலுக்கு 2,00,000 டாலருக்கும் மேல். இரண்டிலும் பெரும்பாலோர் செய்வது போல ஆயுள் காப்பீடு எடுத்து, அந்தத் தொகை சங்கத்துக்குப் போய்ச் சேருமாறு எழுதிவைக்கலாம். ஆகவே நாற்பது வயதில் நலமாக உள்ள ஒருவருக்கு இந்த வேறுபாடு மாதக் கட்டணமாகச் சுருங்கிவிடுகிறது. ஆனாலும் சம்பளத்தில் எண்ணிச் செலவு செய்யும் குடும்பத்துக்கு அது சிறிய தொகை இல்லை என்பதையும், இன்ஸ்டிடியூட் இல்லாவிட்டால் பலர் இந்தக் கதவையே தட்டியிருக்க முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

நான் முதன்முதலில் இதைப் பற்றி வீட்டில் பேசியபோது, என் மனைவி அறிவியலைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. “நம்ம பேரப்பிள்ளைங்க காலமும் முடிஞ்ச பிறகு, யாருங்க அங்க நின்னு ஊத்துவாங்க?” என்று மட்டும் கேட்டார். ஓராண்டாக நான் படித்த அனைத்தும் அந்த ஒரு கேள்விக்கு விடை தேடியதுதான்.

அந்தக் கேள்வி வெறும் அச்சத்தில் எழுந்ததாக யாரும் எண்ண வேண்டாம். 1970களில் லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே சாட்ஸ்வொர்த் இடுகாட்டின் நிலவறை ஒன்றில் கலிபோர்னியக் கிரையானிக்ஸ் சங்கம் உடல்களை வைத்திருந்தது. பராமரிப்புச் செலவை உறவினர்கள் அவ்வப்போது தருவார்கள் என்பதே ஏற்பாடு. சில ஆண்டுகளில் சிலர் நிறுத்தினார்கள், மற்றவர்களும் நிறுத்தினார்கள், நைட்ரஜன் தீர்ந்தது, ஒன்பது உடல்கள் உருகி அழிந்தன. 1979இல் அது வெளியே தெரிந்து வழக்காயிற்று. இதற்கு மாறாக, 1967 ஜனவரி 12இல் முதன்முதலாக உறைகாப்பில் வைக்கப்பட்ட ஜேம்ஸ் பெட்போர்டின் உடலை அவருடைய குடும்பத்தார் 1982 வரை விடாமல் பேணி, பின்னர் ஆல்கோரிடம் ஒப்படைத்தார்கள். அது இன்றும் அங்கே இருக்கிறது. அந்த முதல் தலைமுறையில் தப்பியது அவர் ஒருவர்தான், அதுவும் உறவினரின் விடாப்பிடியால். அடுத்த தலைமுறையின் அன்பை நம்பி எந்தச் சங்கமும் நடக்க முடியாது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

நம் முன்னோர் இதே சிக்கலைக் கோயில் விளக்கில் சந்தித்திருக்கிறார்கள். அணையாமல் எரிய வேண்டிய ஒரு நந்தா விளக்குக்கு நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் வேண்டும். அதற்குச் சோழர் காலத்தில் பணத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் போகாமல் 96 ஆடுகளைக் கொடுத்தார்கள். ஆட்டைப் பெற்ற இடையர் நாள்தோறும் நெய் அளக்க வேண்டும். கிழடு கழிந்தாலும் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையைக் குறையாமல் வைத்திருக்க வேண்டும். அந்த மந்தைக்குக் கல்வெட்டு சூட்டும் பெயர் ‘சாவா மூவாப் பேராடு’. கொடை இவ்வளவு என்று எழுதிய பிறகு, ‘இது பன்மாகேஸ்வரர் இரட்சை’, அதாவது சிவனடியார்களின் காவல், என்று காவலுக்கு உரியவரையும் குறித்தே கல்வெட்டு முடியும். முதலைத் தொடாமல் விளைச்சலை மட்டும் எடுப்பதும், கொடையை உண்ணும் ஆசை வரக்கூடியவரிடமிருந்து காவலைப் பிரித்து வைப்பதும் ஆகிய இந்த இரண்டு விதிகளையும் கையில் வைத்துக்கொண்டுதான் இரு சங்கங்களின் கணக்குகளையும் பார்த்தேன்.

ஆல்கோரில் இதற்கென நோயாளி பேணுகை அறக்கட்டளை என்று தனியே ஒன்று உண்டு. ஆல்கோரின் சம்பளம், ஆய்வு, விளம்பரம், வழக்குச் செலவு ஆகியவற்றுக்கு அந்தப் பணத்தைத் தொட முடியாதபடி அது சட்டத்தால் பிரிக்கப்பட்டிருக்கிறது. அதன் பொறுப்பாளர்களில் பெரும்பான்மையினர், தம் உறவினரோ நெருங்கியவரோ கொள்கலனுக்குள் இருப்பவராக இருக்க வேண்டும். என்னைப் போல் தலைக் காப்புக்குக் கையெழுத்திடுபவரின் 80,000 டாலரில் 25,000 டாலர் அங்கே போகிறது. ஆண்டுக்கு 2 விழுக்காடு மட்டும் எடுப்பதாகக் கொண்டால் 500 டாலர் ஆகிறது. ‘பிக்ஃபுட்’ என்று அவர்கள் அழைக்கும் பெரிய கொள்கலனில் நான்கு முழு உடல்களும் நடுவே சில தலைகளும் அடங்கும்; தலைகளை மட்டும் வைத்தால் 45 அடங்கும். ஒரு கொள்கலனின் நைட்ரஜன் செலவை 45 பேருக்குப் பங்கிட்டால் ஒருவருக்கு எவ்வளவு குறைவாக வரும் என்பதை எண்ணிப் பார்த்தால், இந்த 25,000 டாலர் ஏன் எனக்குச் சாவா மூவாப் பேராடாகத் தெரிந்தது என்பது விளங்கும்.

இன்ஸ்டிடியூட்டின் நல்ல பக்கத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அங்கே நான் நேரில் போய்ப் பார்த்தேன். எளிய கட்டடம், உயர்ந்து நிற்கும் வெள்ளைக் கொள்கலன்கள், மிகக் குறைந்த பணியாளர்கள். ஆடம்பரம் எதுவும் இல்லை. செலவைக் குறைப்பதே அவர்களுடைய காப்பு முறை என்று சொல்லலாம், ஏனெனில் ஆண்டுச் செலவு குறைய, அதைத் தாங்கத் தேவையான முதலும் குறைகிறது. எட்டிங்கர் தன் தாயை 1977இல் அங்கே முதல் நோயாளியாக வைத்தவர். 2011இல் தானும் அங்கேயே சேர்ந்தார். தன் தாயை வைத்த இடத்தை ஒருவர் அலட்சியமாக நடத்துவார் என்று யாராலும் சொல்ல முடியாது. 2003இல் மாநில அரசு செயல்பாட்டை நிறுத்தச் சொன்னபோதும், 2004இல் இடுகாடு என்ற வகைப்பாட்டின் கீழ் வந்து, உள்ளே இருந்தவர்களுக்கு ஒரு குறையும் நேராமல் அவர்கள் கடந்து வந்தார்கள்.

என் தயக்கம் வேறிடத்தில் இருந்தது. பல பத்தாண்டுகளாக 28,000 டாலர் என்ற விலை ஏறவே இல்லை. உறுப்பினருக்கு அது மகிழ்ச்சி. ஆனால் கரைசல் செலுத்துவதற்கும் குளிர்விப்பதற்கும் ஆகும் செலவு போக மீதியே வைப்பாக நிற்கும் என்னும்போது, விலைவாசி ஏறிய ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வரும் நோயாளியின் ஆட்டு மந்தை சற்றுச் சிறுத்துக்கொண்டே வருகிறது. முதலீட்டு வருவாயும் உயில் கொடைகளும் இதுவரை அதை ஈடுகட்டியிருக்கலாம். நூறு ஆண்டுக்கு அதை நம்பி என் குடும்பத்தாரிடம் உறுதி சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வாக்குரிமையிலும் என் எண்ணம் தலைகீழாக மாறியது. இன்ஸ்டிடியூட்டின் நிர்வாகக் குழுவை உறுப்பினர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆல்கோரிலோ, இருக்கும் இயக்குநர்களே அடுத்த இயக்குநர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள், உறுப்பினருக்கு வாக்கு இல்லை. சங்கம் என்றால் தேர்தல் வேண்டும் என்று வளர்ந்தவன் நான். ஆதலால் தொடக்கத்தில் இன்ஸ்டிடியூட்டின் பக்கமே சாய்ந்தேன். பிறகுதான் ஓர் உண்மை உறைத்தது. வாக்களிப்பவர்கள் எல்லாரும் உயிருடன் இருப்பவர்கள். எவருக்காகச் சங்கம் நடக்கிறதோ, அந்த நோயாளிகளுக்கு வாக்கு இல்லை, குரல் இல்லை, வழக்குத் தொடுக்கவும் வழி இல்லை. இன்றைய உறுப்பினர்கள் நல்லவர்கள். எண்பது ஆண்டு கழித்து, சந்தாவைக் குறைப்பதா, நூறாண்டுக்கு முந்தைய அந்நியர்களுக்கு நைட்ரஜன் வாங்குவதா என்ற நிலை வந்தால் பெரும்பான்மை எப்படி வாக்களிக்கும்? வாக்குச் சீட்டால் தொட முடியாத இடத்தில் அந்தப் பணம் இருப்பதே எனக்கு நிம்மதி தந்தது. ஆல்கோரின் இயக்குநர் குழு தவறான திசையில் போனால் உறுப்பினரால் அதை மாற்ற முடியாது என்ற குறை அப்படியே இருக்கிறது. அறக்கட்டளை தனியே இருப்பதால் அந்தக் குறையைப் பொறுத்துக்கொண்டேன்.

இலாப நோக்குள்ள நிறுவனங்களை நான் கருதவே இல்லை. ரஷ்யாவின் கிரியோரஸ் நிறுவனத்தில், முன்பு கணவன் மனைவியாக இருந்த நிறுவனர்களுக்கிடையே மூண்ட பூசலில், 2021இல் உடல்கள் இருந்த கொள்கலன்களையே லாரியில் ஏற்றிக் கொண்டுபோக முயன்றதும் காவல்துறை தலையிட்டதும் செய்தியாக வந்தன. கொள்கலன் யாருடைய சொத்து என்ற கேள்விக்கே இடம் இருக்கக் கூடாது.

இனி என் தேர்வுக்கு எதிராக நிற்பதைச் சொல்ல வேண்டும். இதயம் நின்ற பிறகு கழியும் ஒவ்வொரு மணியும் மூளைக்குக் கேடு. ஆல்கோரின் கட்டணத்தில், இறுதி நாள்களில் படுக்கை அருகே வந்து காத்திருக்கும் குழுவின் செலவும் அடக்கம். இன்ஸ்டிடியூட்டில் அதற்குத் தனி நிறுவனத்தோடு தனி ஒப்பந்தம் போட வேண்டும். நாள்பட்ட நோயில், முன்கூட்டியே தெரிந்து இறப்பவருக்கு ஆல்கோரின் முறை நன்மை. ஆனால் எனக்கு டிராயில் ஒரு பனிக்கால இரவில் திடீரென்று மாரடைப்பு வந்தால், அரை மணித் தொலைவில் இருப்பவர்கள் ஸ்காட்ஸ்டேலிலிருந்து வருபவர்களைவிடப் பல மணி நேரம் முந்துவார்கள். இந்தக் குழுக்கள் வேலை செய்வதை நான் கண்ணால் பார்த்ததில்லை. படித்ததையும் கேட்டதையும் வைத்தே சொல்கிறேன். எழுபது வயதைத் தாண்டிய, இதய நோயுள்ள, மிச்சிகனிலேயே வாழும் ஒருவர் என்னிடம் கேட்டால், இன்ஸ்டிடியூட்டையே முதலில் போய்ப் பாருங்கள் என்பேன்.

தலையை மட்டும் காப்பது என்ற முடிவும் பேணுகைச் செலவை வைத்தே எடுத்ததுதான்; இன்ஸ்டிடியூட் முழு உடலை மட்டுமே ஏற்பதால் அங்கே அந்த வழி இல்லை. வீட்டில் இதைச் சொல்ல எனக்குத் துணிவு வரச் சில வாரங்கள் ஆயின. ஆனால் மனைவியின் மனத்தை ஓரளவு ஆற்றியதும் அதுவே. எஞ்சிய உடலை ஆல்கோர் எரியூட்டி, சாம்பலைக் குடும்பத்தாரிடம் சேர்ப்பித்துவிடும். காரியம் செய்யவும், கரைக்கவும் கையில் ஏதோ ஒன்று இருக்கும் என்றார். படிவத்தில் சாம்பலைப் பெறுபவர் என்ற இடத்தில் அவருடைய பெயரை எழுதி, அடுத்த பெயராக மகனுடையதையும் சேர்த்தேன்.