சின்னப் பிள்ளைகளோடு காட்டுக்கு: முதுமலையா, டாப்சிலிப்பா?

ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை என்றால் முதுமலைதான் என் முதல் தேர்வு. சஃபாரியில் புலி தெரியும் என்று நம்பிப் போகாதீர்கள். தெப்பக்காடு யானை முகாமுக்காகப் போங்கள். கேழ்வரகு, கொள்ளு, வெல்லம் எல்லாம் கலந்து பிசைந்த பெரிய உருண்டையைப் பாகன் நீட்ட, யானை அண்ணாந்து வாயைத் திறக்கும். அந்த இளஞ்சிவப்பு நாக்கைப் பிள்ளைகள் கண் கொட்டாமல் பார்ப்பார்கள். வேறென்ன வேண்டும்? ஊட்டியிலிருந்து வருவதானால் கூடலூர் வழி நல்லது. கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளைச் சின்ன வயிறு தாங்காது.

டாப்சிலிப் பொள்ளாச்சியிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர்தான். கூட்டமும் கடைகளும் குறைவு. பால் பவுடர், மருந்து, தின்பண்டம் எல்லாம் கையோடு வேண்டும். இங்கும் கோழிகமுத்தியில் யானை முகாம் உண்டு. ஆனால் டாப்சிலிப்பின் அழகு நடையில்தான். தேக்கு மரத்தில் மலையணில் தாவுவதை நின்று பார்க்கும் பொறுமை ஏழெட்டு வயதில்தான் வரும். மழைக்காலத்தில் அட்டை ஏறும், அப்போது வேண்டாம்.

இரண்டு இடத்திலும் சஃபாரிக்குக் காலை முதல் வண்டியையே பிடியுங்கள். வெயில் ஏறினால் விலங்குகளும் ஒதுங்கிவிடும், பிள்ளைகளும் சிணுங்குவார்கள்.