பல்லிக்கு வாரண்டி இல்லை: யாழ்ப்பாணம் குருநகரில் ஒரு இன்வேர்ட்டர் ஏசி

"மச்சான், ஊரிலை அம்மாவின்ரை அறைக்கு ஏசி போடப் போறன். உன்ரை எப்பிடி? அதையே வாங்கட்டோ?" என்று ரொறன்ரோவிலிருந்து நண்பன் கேட்டிருந்தான். நல்ல நேரம் பார்த்துத்தான் கேட்டான். வெளி யூனிட்டின் எலக்ட்ரோனிக் போர்ட்டை மாற்றிவிட்டு அதற்கான காசை எண்ணிக் கொடுத்த கையோடு இருந்தேன். ஆகவே இதில் கோபம் கொஞ்சம் கலந்திருக்கும். கழித்துவிட்டு வாசியுங்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் கிடந்ததே, அதற்கு அடுத்த கோடையில் வாங்கியது. குளிராக்கும் திறன் 9000 பி.டி.யூ, உள்ளே சுற்றுகிற காஸ் ஆர்32, கொம்பிரசர் தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற இன்வேர்ட்டர் வகை. கொங்கிரீட் கூரை போட்ட படுக்கையறை. சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி சூரியன் சரியாக எங்கள் தலைக்கு மேலே வரும், ஓகஸ்ட் கடைசியில் இன்னொரு தடவை வரும். அந்த நாட்களில் இரவு பத்து மணிக்கும் கூரை பகல் முழுக்கக் குடித்த வெயிலை இறக்கிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட அறையை இந்த ஏசி அரை மணித்தியாலத்தில் படுக்கிற மாதிரி ஆக்கிவிடும். 27இல் வைத்து, மின்விசிறியை மெதுவாகச் சுழலவிட்டால் போதும். அறை குளிர்ந்த பிறகு முன்னூறு, நானூறு வாட்டில் முனகாமல் ஓடுகிறது. மாதம் 180 யூனிட் மின்சாரம் என்ற கோட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள முடிகிறது. தாண்டினால் ஆகக்கூடிய கட்டணம் விழும், அது எல்லா வீட்டுக்கும் தெரிந்த கதைதான். சத்தமும் இல்லை. என் அம்மா முதலில் "உது வேலை செய்யுதோ?" என்று எழும்பி வந்து கையை நீட்டிப் பார்ப்பார்.

ஆக, உள்ளே இருக்கிற பாதியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கோபமெல்லாம் மதிலுக்கு வெளியே தொங்குகிற பாதியோடுதான்.

ஒருநாள் இரவு உள் யூனிட்டில் விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. காற்று வந்தது, குளிர் வரவில்லை. திருத்துகிற தம்பி வந்து வெளி யூனிட்டின் மேல் மூடியைக் கழற்றினான். போர்ட்டின் மேல் ஒரு பல்லி. செத்து, காய்ந்து, கருகி, வால் ஒரு முனையிலும் முன்னங்கால் இன்னொரு முனையிலுமாக ஒட்டிக்கொண்டு கிடந்தது. இரண்டு முனைக்கும் நடுவில் பச்சைப் போர்ட் கறுத்து, ஒரு செப்புக்கோடு முழுதாக உரிந்துவிட்டது. மூலையில் வெள்ளையாக இரண்டு முட்டை, உடையாமல், பத்திரமாக. "அண்ணை, இது குடும்பமா இருந்திருக்கு" என்றான்.

வாரண்டி இருக்கிறதே என்று அட்டையை எடுத்துக் காட்டினேன். வாங்கின இடத்துக்குப் போன் எடுத்துவிட்டுத் தம்பி சொன்ன பதில்தான் தலைப்பில் இருக்கிறது. பூச்சி, எலி, பல்லி போன்றவற்றால் வருகிற சேதம் வாரண்டியில் சேராது என்று அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் உண்மையாகவே போட்டிருக்கிறது. சட்டப்படி அவர்கள் சரி. ஆனால் பல்லி இல்லாத வீடு இந்த ஊரில் எங்கே இருக்கிறது? இங்கே விற்கிற சாமானில், வயர் உள்ளே போகிற ஓட்டையைச் சின்ன விரல் நுழையும் அளவுக்குத் திறந்து விட்டிருக்கிறார்கள். பல்லி வராமல் வேறென்ன வரும்? புது போர்ட் கொழும்பிலிருந்து பஸ்சில் வர வேண்டியிருந்தது. விலை, ஏசி வாங்கிய காசில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. அது வரும் வரை நாங்கள் முற்றத்தில் பாய் போட்டு நுளம்போடு படுத்தோம்.

தம்பி சொன்ன ஒரு விஷயம் உங்களுக்கும் உதவும். ரிமோட்டில் நிறுத்தினால் ஏசி முழுதாக நின்றதாகாது. சுவரில் இருக்கிற பெரிய சுவிட்ச் போட்டபடி இருந்தால் பல மொடல்களில் வெளிப்போர்ட்டில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். அதனால் போர்ட் மெல்லிய சூட்டில் இருக்கும். மாரியில் எல்லாரும் ஏசியை மறந்துவிடுகிற நேரத்தில், மழைக்குளிருக்கு ஒதுங்க அதைவிட நல்ல இடம் பல்லிக்குக் கிடைக்காது. கரண்ட் ஓடுகிற இரண்டு முனையை அது ஒரேயடியாகத் தொட்டால் கதை முடிந்தது. ஆகவே ஐப்பசி, கார்த்திகையில் பெரிய சுவிட்சையே நிறுத்திவிட வேண்டும். வயர் போகிற ஓட்டையைப் புட்டியால் அடைக்க வேண்டும். போர்ட் பெட்டியின் சின்னத் துவாரங்களுக்குத் துருப்பிடிக்காத கம்பிவலை வைக்கலாம். ஆனால் காற்று இழுக்கிற தகட்டுப் பக்கத்தை மூடக்கூடாது, மூடினால் கொம்பிரசர் திணறும். இதையெல்லாம் பூட்டுகிற அன்றைக்கே செய்ய வேண்டியவர்கள் செய்திருக்கலாம். இவ்வளவுக்கும் பத்து நிமிட வேலை.

கனடாவில் குளிர் தொடங்க முன் வீட்டைச் சூடாக்குகிற பர்னஸின் பில்டரை மாற்றுவோம், கோடை வர ஏசியைப் பார்ப்போம், அவ்வளவுதான் என்று ரொறன்ரோ மச்சான் சொல்கிறான். அவனுக்கு வெப்பநிலைதான் பருவம். எங்களுக்குக் காற்றுத்தான் பருவம். (என் ரிமோட்டிலும் அறையைச் சூடாக்கச் சூரியன் படம் போட்ட ஒரு பட்டன் இருக்கிறது. அமத்தினால் ஒன்றும் நடக்காது. இங்கே வருவது குளிர் மட்டும் தருகிற மொடல், ரிமோட் மட்டும் உலகம் முழுக்க ஒன்று.) குருநகரில் வைகாசியில் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று தொடங்கினால் கடலேரியின் மேலால் நேரே வந்து வீட்டில் அடிக்கும். புரட்டாசி வரை அதே கதை. விரலை வெளி யூனிட்டின் தகட்டில் தடவி நாக்கில் வைத்தால் உப்பு. உப்பும் ஈரமும் சேர்ந்தால், செப்புக் குழாயும் அலுமினியத் தகடும் தொடுகிற இடத்தில் அலுமினியம் அரிக்கப்பட்டு வெள்ளை மாவாக உதிரும். தகட்டுக்கு நீலப் பூச்சு, பொன் பூச்சு என்று சொல்லி விற்கிறார்கள். பூச்சு உண்மையில் உதவுகிறது, என்னுடையதில் தகடு இன்னும் நிற்கிறது. ஆனால் ஆணியும் தாங்கியும் சிவந்துவிட்டன. உரும்பிராயில் இருக்கிற நண்பனுக்கு இந்தப் பிரச்சினை இல்லை, அவனுக்குச் செம்மண். தோட்டம் கொத்துகிற நாட்களில் அவன் வீட்டு பில்டர் செங்கல் நிறத்தில் வரும்.

உள் பில்டரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு கிழமைக்கு ஒருக்கால் கழற்றிக் கழுவி நிழலில் காயவிட்டுப் பூட்டுங்கள்.

வெளித் தகட்டைக் கழுவுவதில்தான் சிக்கல். யாரைக் கேட்டாலும் தண்ணீர் அடி என்பார்கள். எந்தத் தண்ணீர்? எங்கள் கிணறு உவர். உப்பைக் கழுவ உப்புத்தண்ணியா? கொஞ்சம் உள்ளே போனால் உவர் குறையும், ஆனால் யாழ்ப்பாணம் முழுக்கச் சுண்ணாம்புக்கல்லின் மேல்தான் இருக்கிறது. கேத்திலின் அடியில் படிகிற வெள்ளைதான் தகட்டிலும் படியும்.

இங்கேதான் நான் எதிர்பாராத ஒரு சந்தோஷம். ஏசியே தண்ணீர் தருகிறது. புழுக்கமான ஓர் இரவு ஓடினால் வடிகிற பைப்பின் கீழ் வைத்த வாளி முக்கால்வாசி நிறைந்துவிடும். காற்றிலிருந்து இறங்கிய தண்ணீர் என்பதால் உப்பும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. அதைச் சேர்த்து வைத்து, பெரிய சுவிட்சை நிறுத்திவிட்டு, பூவாளியால் மெதுவாக ஊற்றித் தகட்டைக் கழுவுகிறேன். சோளக காலத்தில் மாதம் ஒருமுறை. வெள்ளைக் கறையே இல்லை. வேகமாக அடித்தால் தகடு மடியும், பூவாளிதான் சரி. மிச்சத்தில் யன்னல் கண்ணாடி துடைக்கிறோம், கறிவேப்பிலைக்கு ஊற்றுகிறோம். பிறந்ததிலிருந்து வெள்ளைக் கோடு படிந்த கண்ணாடியையே பார்த்தவனுக்கு, துடைத்த துணி காய முன்னமே பளிச்சென்று நிற்கிற கண்ணாடி ஒரு அதிசயம். குடிக்கக் கூடாது. உள் யூனிட்டில் குளிர்கிற குழாய்ச்சுருளான கொயிலின் தூசியையும் பாசியையும் தடவித்தான் அது வருகிறது. பற்றரிக்கும் ஊற்றாதீர்கள், உலோகம் கலந்திருக்கலாம். வடிகிற பைப்பின் நுனியில் ஒரு துண்டு நுளம்பு வலையைக் கட்டி வையுங்கள். குளவி மண் வைத்து அடைத்துவிட்டால், அந்த வாளித் தண்ணீர் முழுக்கச் சுவரில் வழியும்.

காஸ் விஷயம். சேர்விஸ் என்று வருகிறவர்களில் சிலர் அமுக்கம் பார்க்கிற கேஜைப் பூட்டிய உடனே "காஸ் குறைஞ்சிட்டுது, அடிப்பமோ?" என்பார்கள். மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் போல ஏசி காஸைக் குடிப்பதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது. ஒழுக்கைக் கண்டுபிடித்து அடைக்காமல் காஸ் அடித்தால் அடுத்த கோடையிலும் அவர்தான் வருவார். அடிப்பதானாலும் தராசில் நிறுத்து அடிக்கச் சொல்லுங்கள், எவ்வளவு என்று யூனிட்டில் ஒட்டியிருக்கிற லேபலிலேயே எழுதியிருக்கும். என்னுடையதில் இன்றுவரை ஒரு கிராம் அடிக்கவில்லை. அதற்காக அந்தக் கொம்பனிக்கு ஒரு கைதட்டு.

சரி, வாங்கலாமா? குளிர் நல்லது, சத்தமில்லை, பில் கட்டுப்படியாகிறது, தண்ணீர் இலவசம். இவ்வளவும் சொன்ன பிறகும் இன்றைய மனநிலையில் என் பதில்: இந்த மொடலை வாங்காதே. போர்ட்டை இரும்புப் பெட்டிக்குள் மூடி வைத்து, மேலே லக்கர் பூசிய மொடல்கள் கடையில் இருக்கின்றன. விலை கொஞ்சம் கூட. கடைக்காரர் பி.டி.யூவையும் மின்சிக்கன நட்சத்திரத்தையும் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் நிறுத்தி, "வெளிப்போர்ட் தனியாக என்ன விலை, யாழ்ப்பாணத்தில் கையிருப்பில் இருக்கோ?" என்று மட்டும் கேள். அந்தப் பதிலிலேயே பாதி விளங்கிவிடும். வெளி யூனிட்டைத் தெற்குச் சுவரில் தொங்கவிட விடாதே, அந்தப் பக்கம்தான் கடலேரி.

இன்னொன்று. பூட்டுவதானால் பங்குனிக்குள் பூட்டு. ஆடி, ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஆட்கள் எல்லாரும் வந்து இறங்க, பூட்டிக் கிடந்த வீடுகளின் ஏசியெல்லாம் ஒரே நேரத்தில் திறபடும். அந்த இருபத்தைந்து நாளும் தம்பிமார் போனே தூக்க மாட்டார்கள்.