ஜெனித் சிஎச் 750 ருடர் கிட்: பொள்ளாச்சிப் பக்கம் வாங்குவோர் கவனத்துக்கு

ஜெனித் சிஎச் 750 என்பது பாகங்களை வாங்கி நாமே கட்டிக்கொள்ளும் சிறு விமானம். முழு விமானக் கிட்டுக்கு, அதாவது எல்லாப் பாகங்களும் அடங்கிய தொகுப்புக்கு, பணம் கட்டும் முன் ருடர் கிட்டை மட்டும் வாங்கிப் பாருங்கள்; ருடர் என்பது விமானத்தை இடம் வலம் திருப்பும் வால் உறுப்பு. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் இருக்கும் ஜெனித் நிறுவனம் இதைத் தனியாகவே விற்கிறது. சிஎச் 750 எஸ்டிஓஎல் (குறைந்த தூரத்தில் எழும்பி இறங்கும் வகை) விமானத்தின் வாலில் அசையாத செங்குத்துத் துடுப்பு கிடையாது, ருடர் முழுதாகத் திரும்பும். ஆகவே பெட்டியில் வருவது வெறும் பயிற்சித் துண்டு இல்லை, நாளை பறக்கப்போகும் உறுப்பு. ஸ்பார் (நீளவாக்கு முதன்மைச் சட்டம்), ரிப் (வடிவம் தரும் குறுக்குச் சட்டம்), மேல் தகடு, ரிவெட் (தகடுகளைப் பிணைக்கும் ஆணி) என்று இறக்கையில் செய்யப்போகும் வேலையெல்லாம் சின்ன அளவில் இதிலேயே வந்துவிடும்.

தகடு 6061-டி6 அலுமினியம், தரம் அருமை. பெரும்பாலான ஓட்டைகள் கணினி இயக்கும் சிஎன்சி இயந்திரத்தில் போட்டே வருகின்றன. மீதிக்கு 30, 20 ஆம் எண் ட்ரில் பிட் வேண்டும், அதாவது 3.26, 4.09 மி.மீ. கோயம்புத்தூர்க் கடைகளில் சுலபமாகக் கிடைக்கும் 3.2, 4 மி.மீ. பிட்டுகளை வாங்கினால் ரிவெட் இறுகி நிற்கும். அதைத் தட்டி இறக்கினால் ஓட்டை கோணிவிடும். 20 ஆம் எண்ணுக்கு மாற்றாக 4.1 மி.மீ. பிட் சரியாக வரும். ட்ரில் போட்டதும் அப்படியே ரிவெட் அடிக்காதீர்கள். தகடுகளைத் தற்காலிகமாகப் பிடித்துவைக்கும் கவ்வியான கிளிகோவைக் கழற்றி, தகடுகளைப் பிரித்து, பிசிறையும் சுருள் தூளையும் எடுத்துவிட்டு மறுபடி பூட்டுங்கள். நடுவில் ஒரு தூள் சிக்கினாலும் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டி உட்காராது.

ரிவெட் இழுக்கும் துப்பாக்கியின் மூக்கு உட்குழிவாக இருக்க வேண்டும். தட்டைத் தலை ரிவெட்டை அதுதான் இழுக்கும்போதே குமிழாக்கி, தகட்டோடு அழுத்துகிறது. சாதா மூக்கில் அடித்தால் தலை அப்படி உட்காராது. ரிவெட் குறைந்துபோனால் உள்ளூர் பாப் ரிவெட்டைப் போட்டு ஒப்பேற்றவே கூடாது, வரைபடத்தின் பலக் கணக்கு கிட்டோடு வரும் ரிவெட்டுக்கு உரியது. மேசை 4 அடிக்கு 12 அடி இருந்தால் நல்லது. கொத்தனாரின் டியூப் லெவலை வைத்து நான்கு மூலையும் பாருங்கள். மேசை முறுக்கியிருந்தால் ருடரும் முறுக்கும், ரிவெட் அடித்த பிறகு அதைத் திருத்த வழியில்லை.

கிட்டோடு வரும் வழிகாட்டி நம்ம ஊர்க் காற்றை நினைத்து எழுதியதல்ல. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே ஈரக்காற்று அடிக்கும். பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வரை நார் மில் தூசி வேறு. தென்னை நார்த் தூளில் உப்பு உண்டு, ஈரத்தையும் பிடித்துவைக்கும். இரண்டும் சேர்ந்து தகட்டில் படிந்தால் அரிப்புக்கு அதுவே போதும். தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் இடுக்கில் நீர் ஏறி வெள்ளைக் கறை விழும். மரச்சட்டத்தில் இடைவெளி விட்டு நிறுத்தி வையுங்கள். பெட்டியில் வந்த காகிதம் நமுத்திருந்தால் அன்றைக்கே எடுத்துவிடுங்கள். தகட்டில் பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருந்தால் அதையும் மாதக்கணக்கில் விடாதீர்கள். பென்சிலால் கோடு போடக் கூடாது, அந்தக் கரியும் அலுமினியத்தை அரிக்கும். மெல்லிய மார்க்கர் போதும்.

6061 இயல்பிலேயே அரிப்பைத் தாங்கும் கலவைதான். ஆனால் தகடும் தகடும் சேரும் முகங்களுக்கு, முக்கியமாக எஃகு ருடர் ஹார்ன் (ருடரைத் திருப்பும் கை) அலுமினியத்தைத் தொடும் இடத்துக்கு, பிரைமர் கட்டாயம் அடியுங்கள். இரு உலோகமும் ஈரமும் சேர்ந்தால் அலுமினியம்தான் முதலில் கரையும். பிரைமர்களில் ஒன்றான சிங்க் குரோமேட் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது, தகுந்த முகமூடி இல்லாமல் தொடாதீர்கள்.

விலையோடு சரக்குக் கட்டணமும் சுங்கமும் சேரும், ஏஜென்ட் சொல்லும் தொகையை எழுத்தில் வாங்கிவிட்டு ஆர்டர் போடுங்கள். ருடரோடு நிற்பதாக இல்லை என்றால் முழுக் கிட்டுக்குப் பணம் அனுப்பும் முன்பே மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ-வின் அனுமதி பற்றிக் கேளுங்கள். சூலூர் விமானப்படைத் தளமும் கோவை விமான நிலையமும் பக்கத்தில் இருப்பதால், எங்கிருந்து பறக்கப் போகிறீர்கள் என்பதையும் அப்போதே பேசி முடிவு செய்ய வேண்டியிருக்கும்.