1240-ஆ, 1108-ஆ? எஸ்.ஏ.டி. சராசரியை வைத்துப் பள்ளி தேர்ந்தெடுப்பது பற்றி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டெக்சாஸிலிருந்து தம்பி கூப்பிட்டான்.

"அக்கா, ரெண்டு வீடு பாத்து வெச்சிருக்கோம். ஒண்ணோட ஹைஸ்கூல்ல எஸ்.ஏ.டி. ஆவரேஜ் 1240. இன்னொண்ணுல 1108. முதல் வீடு நாப்பதாயிரம் டாலர் கூட. ஆனாலும் அதையே முடிச்சிடலாம்னு இவ சொல்றா. நீ என்ன சொல்ற?"

அவன் மகள் இப்போது எட்டாம் வகுப்பு. ஆகஸ்டில் ஹைஸ்கூல். எஸ்.ஏ.டி. என்பது கல்லூரிச் சேர்க்கைக்காக ஹைஸ்கூல் பிள்ளைகள் எழுதும் தேர்வு. அமெரிக்காவில் வீடு இருக்கும் இடத்தைப் பொறுத்துத்தான் பெரும்பாலும் அரசுப் பள்ளி அமையும், அதனால்தான் வீட்டுப் பேச்சில் பள்ளிக் கணக்கு. என் இரண்டு பிள்ளைகளும் நியூ ஜெர்சியில் பப்ளிக் ஸ்கூலில், அதாவது அரசுப் பள்ளியில், படித்து முடித்தவர்கள். இந்த எண்களோடு நான் பல வருடம் மல்லுக்கட்டியிருக்கிறேன். ஒரு வாரம் டைம் கொடு என்றேன். அந்த ஒரு வாரத்தில் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். பள்ளிகளின் பெயர் வேண்டாம், 1240 உள்ள பள்ளி அ, 1108 உள்ளது ஆ என்றே வைத்துக்கொள்வோம். எண்களையும் கணக்குக்கு எளிதாக இருக்கும்படி மாற்றியிருக்கிறேன்.

முதலில் அளவுகோல். எஸ்.ஏ.டி. இரண்டு பகுதி, மொத்தம் 1600. 2024-இல் பள்ளி முடித்தவர்களின் தேசியச் சராசரி 1024. இதே வகையான இன்னொரு தேர்வான ஏ.சி.டி. 36-க்கு, அதே ஆண்டு சராசரி 19.4. ஏ.சி.டி. 20 என்றால் எஸ்.ஏ.டி.யில் ஏறத்தாழ 1040, 30 என்றால் 1370 என்று இரண்டு தேர்வு நிறுவனங்களும் சேர்ந்து வெளியிட்ட பட்டியல் சொல்கிறது. ஆக, தம்பி வீட்டில் முகம் சுளித்த அந்த 1108 கூட நாட்டின் சராசரிக்கு நன்றாகவே மேலே இருக்கிறது.

எத்தனை பேர் எழுதினார்கள்?

சராசரியைப் பார்ப்பதற்கு முன் பார்க்க வேண்டிய எண் இது. டெக்சாஸில் மாநிலக் கல்வித் துறை ஆண்டுதோறும் ஒவ்வொரு பள்ளிக்கும் விரிவான அறிக்கை வெளியிடுகிறது. பள்ளிப் படிப்பை முடித்தவர்களில் எத்தனை சதவீதம் பேர் எஸ்.ஏ.டி. அல்லது ஏ.சி.டி. எழுதினார்கள், சராசரி என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். ஓரிரு வருடம் பழைய தகவல்தான், ஆனாலும் வீடு விற்பவர் அச்சடித்துத் தரும் தாளைவிட நம்பலாம்.

அ பள்ளியில் 300 பேர் முடித்தார்கள். எஸ்.ஏ.டி. எழுதியவர்கள் 120 பேர். ஆ பள்ளியிலும் 300 பேர்தான். ஆனால் அந்தப் பள்ளியை நடத்தும் டிஸ்ட்ரிக்ட் (உள்ளூர்க் கல்வி நிர்வாகம்), பள்ளி நாளிலேயே, வகுப்பறையிலேயே எல்லோரையும் உட்கார வைத்து எழுத வைக்கிறது. 300 பேரும் எழுதியிருக்கிறார்கள். கல்லூரிக்கே போக நினைக்காத பிள்ளையும், ஆங்கிலம் கற்று இரண்டே வருடம் ஆன பிள்ளையும் அந்த 1108-க்குள் இருக்கிறார்கள்.

ஆ பள்ளியின் விவரத் தாளில் மதிப்பெண் பரவல் இருந்தது. மேலிருந்து 120 பேரை மட்டும் எடுத்துக் கணக்குப் போட்டேன். அவர்கள் சராசரி 1270. மீதி 180 பேருக்கு 1000. இரண்டும் சேர்ந்துதான் 1108. அதாவது 120 பேருக்கு 120 பேர் என்று வைத்துப் பார்த்தால் ஆ பள்ளி 30 புள்ளி முன்னால் நிற்கிறது. அ பள்ளியில் எழுதிய 120 பேரும் அப்படியே அங்கே முதல் 120 பேர் என்று சொல்லிவிட முடியாது, ஏ.சி.டி. மட்டும் எழுதிய கெட்டிக்காரப் பிள்ளைகள் சிலர் விடுபட்டிருக்கலாம். ஆனாலும் தானாக முன்வந்து சனிக்கிழமை காலை தேர்வு மையத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் படிப்பில் முன்னால் இருப்பவர்கள்தாம். 132 புள்ளி இடைவெளி என்று தம்பி பயந்தது, எழுதியவர்களின் எண்ணிக்கையில் வந்த இடைவெளி.

மாநில அளவில் பார்த்தால் இது இன்னும் பளிச்சென்று தெரியும். விஸ்கான்சினில் எல்லோருக்கும் பள்ளியிலேயே ஏ.சி.டி. நடத்துகிறார்கள். எஸ்.ஏ.டி. எழுதுவது நூற்றில் சிலர் மட்டும், வெளிமாநிலப் பெரிய கல்லூரிகளைக் குறிவைப்பவர்கள். அதனால் மாநிலச் சராசரி 1200-க்கு மேல். டெலவேரில் கிட்டத்தட்ட எல்லோரும் எஸ்.ஏ.டி. எழுதுகிறார்கள், சராசரி 1000-க்குக் கீழே. விஸ்கான்சின் ஆசிரியர்கள் 200 புள்ளி கெட்டிக்காரர்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 1984-இல் அன்றைய கல்வி அமைச்சர் டெரல் பெல் மாநிலங்களை இந்தச் சராசரிகளோடு ஒரு பெரிய சுவர் அட்டவணையில் வரிசைப்படுத்தியபோதே கல்வி ஆய்வாளர்கள் இதே குறையைச் சுட்டிக்காட்டினார்கள். நாற்பது வருடம் ஆகிறது. வீடு வாங்கும் சமயத்தில் நாம் இன்னும் அதே அட்டவணையைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

பழைய எண்களைப் புதிய எண்களோடு வைத்துப் பார்ப்பதிலும் சிக்கல் உண்டு. இல்லினாயில் இருக்கும் உறவினர்கள் கவனிக்க வேண்டும்: அங்கே 2017-இலிருந்து எல்லோருக்கும் எஸ்.ஏ.டி., 2025-இலிருந்து ஏ.சி.டி. 2024 மார்ச்சிலிருந்து நாடு முழுவதும் எஸ்.ஏ.டி. கணினிக்கு மாறி, இரண்டே கால் மணி நேரத் தேர்வாகச் சுருங்கியும்விட்டது.

தனியார் பள்ளியின் 1310

இடையில் தம்பி மனைவி மூன்றாவதாக ஒரு பிரைவேட் பள்ளியையும் சொன்னாள். சராசரி 1310. ஆ வீட்டை வாங்கி, மிச்சமாகும் பணத்தை அந்த ஃபீஸுக்குப் போடலாமா என்பது அவள் கேள்வி. நியாயமான கேள்விதான், ஆனால் நாற்பதாயிரம் அங்கே அதிக நாள் தாங்காது.

அந்தப் பள்ளியில் ஆண்டுக்கு 45 பேர்தான் முடிக்கிறார்கள். எஸ்.ஏ.டி. மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி இரண்டு பக்கமும் 200 புள்ளி அளவுக்குப் பரவிக் கிடப்பவை. 45 பேர் கொண்ட கூட்டத்தின் சராசரி, பள்ளியில் ஒன்றுமே மாறாமல், வந்து சேர்ந்த பிள்ளைகளைப் பொறுத்தே ஒரு வருடம் 30 புள்ளி ஏறும், அடுத்த வருடம் 30 இறங்கும். 400 பேர் எழுதும் பள்ளியில் இந்த ஆட்டம் 10 புள்ளிக்குள் அடங்கும். அதனால் சிறிய பள்ளியில் ஒரே ஒரு வருட எண்ணைப் பார்க்கவே கூடாது. மூன்று வருடமாவது கேட்டு வாங்க வேண்டும்.

பிரைவேட் பள்ளிகளுக்கு மாநில அறிக்கையில் இடமில்லை. அவர்களாகக் கொடுப்பதுதான் எண். கேட்டுப் பார்த்ததில், ஒவ்வொரு பிள்ளையும் பல முறை எழுதியதில் பகுதிவாரியாக எடுத்த உயர்ந்த மதிப்பெண்களைக் கூட்டிச் சராசரி போட்டிருந்தார்கள். பப்ளிக் ஸ்கூல் எண்ணும் அதே முறையில் போடப்பட்டதா என்று தெரியாமல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கவே முடியாது. போதாதற்கு அந்தப் பள்ளி நுழைவுத் தேர்வு வைத்துத்தான் சேர்க்கிறது. உள்ளே வரும்போதே நன்றாகப் படிக்கும் பிள்ளைகள்.

மேக்னட் பள்ளி: நம்மவர்களின் கனவு

மேக்னட் பள்ளி என்று நான் இங்கே சொல்வது, திறமை பார்த்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் சிறப்பு அரசுப் பள்ளியை. இதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் குடும்பங்களில் ஆறாம் வகுப்பிலிருந்தே இதற்காகப் பிள்ளைகள் தூக்கம் கெடுவதைப் பார்க்கிறேன். வர்ஜீனியாவின் தாமஸ் ஜெஃபர்சன், நியூயார்க்கின் ஸ்டைவெசன்ட் போன்ற பள்ளிகளின் பெயர் சொன்னாலே ஒரு மரியாதை. தாமஸ் ஜெஃபர்சனில் எஸ்.ஏ.டி. சராசரி 1500-ஐ ஒட்டியது. அந்த 1500-ஐப் பள்ளி உண்டாக்கியதா, பிள்ளைகள் கொண்டு வந்ததா?

இதற்கு நேரடியாகப் பதில் தேடியவர்கள் அப்துல்காதிரோலு, ஆங்ரிஸ்ட், பாதக் என்ற மூன்று பொருளியல் அறிஞர்கள். ஆங்ரிஸ்ட் பின்னால், 2021-இல், நோபல் பரிசு வாங்கியவர். 2014-இல் வெளியான அவர்கள் ஆய்வு பாஸ்டன், நியூயார்க் நகரங்களின் நுழைவுத் தேர்வுப் பள்ளிகளைப் பற்றியது. கட் ஆஃபுக்கு ஒரு மயிரிழை மேலே எடுத்து உள்ளே போன பிள்ளைகளையும், மயிரிழையில் இடம் தவறி வேறு பள்ளியில் படித்த பிள்ளைகளையும் ஒப்பிட்டார்கள். இரு தரப்பும் திறமையில் ஒன்றுதான். போன பள்ளி மட்டும் வேறு. உள்ளே போனவர்களின் சக மாணவர்கள் பல மடங்கு கெட்டிக்காரர்கள். ஆனாலும் பின்னால் எழுதிய தேர்வுகளில் இரு தரப்புக்கும் பெரிதாக வித்தியாசம் தெரியவில்லை.

கட் ஆஃப் ஓரத்தில் நிற்கும் பிள்ளைகளைப் பற்றிய முடிவு இது. வகுப்பில் முதலில் நிற்பவர்களைப் பற்றி இது எதுவும் சொல்லவில்லை. ஆய்வுக்கூடம், நண்பர்கள், கணிதப் போட்டி அணி இவையெல்லாம் தேர்வு மதிப்பெண்ணில் வராது. மேக்னட் பள்ளியை மனதார விரும்பும் பிள்ளை தாராளமாகப் போகட்டும். "அங்க போனா எஸ்.ஏ.டி. தானா ஏறும்" என்ற நம்பிக்கையில் மட்டும் ஒரு பிள்ளையை அங்கே தள்ளக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

அ பள்ளியின் 1240-க்குள் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. அந்தப் பகுதியில் நம்மவர்களும் சீனக் குடும்பங்களும் அதிகம். சனிக்கிழமை கோச்சிங் சென்டர்கள் வரிசையாக இருக்கின்றன. பெற்றோர் கைக்காசில் வாங்கிய பயிற்சி பள்ளியின் சராசரியில் ஏறுகிறது. அந்தச் சராசரி வீட்டு விலையில் ஏறுகிறது. தம்பி நாற்பதாயிரம் கூடுதலாகக் கொடுத்த பிறகும் மகளுக்குக் கோச்சிங் பணம் தனியாகத்தான் கட்டுவான்.

டெக்சாஸுக்கே உரிய கணக்கு

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது இதுதான். தம்பி நியூ ஜெர்சியில் இருந்திருந்தால் இந்தப் பத்தியே தேவையில்லை.

டெக்சாஸில் 1997-இலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. தன் பள்ளியில் முதல் 10 சதவீதத்துக்குள் வரும் பிள்ளைக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் இடம் உறுதி. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் மட்டும் விலக்கு பெற்று எல்லையைக் குறைத்துக்கொண்டது. 6 சதவீதமாக இருந்தது, 2026 இலையுதிர் காலச் சேர்க்கையிலிருந்து 5. எந்தப் பள்ளி என்ற கேள்வியே இதில் இல்லை. 300 பேரில் முதல் 15 பேருக்குள் வர வேண்டும், அவ்வளவுதான். கோச்சிங்கோடு ஓடும் பிள்ளைகள் நிறைந்த அ பள்ளியில் அந்தப் பதினைந்துக்குள் வருவது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள். ஆ பள்ளியிலும் எளிதல்ல, ஆனால் என் மருமகளுக்கு எட்டும் தூரம்.

இடம் உறுதி என்றால் பல்கலைக்கழகத்தில்தான் உறுதி. கம்ப்யூட்டர் சயின்ஸோ இன்ஜினியரிங்கோ கிடைக்கும் என்று அர்த்தமில்லை, அதற்குத் தனிப் போட்டி. அந்தப் போட்டியில் அவளுடைய சொந்த எஸ்.ஏ.டி. மதிப்பெண் பேசும், ஆஸ்டின் பல்கலைக்கழகம் தேர்வு மதிப்பெண்ணை மறுபடியும் கட்டாயமாக்கிவிட்டது. பள்ளியின் சராசரி 1240 என்பதற்காக எந்தக் கல்லூரியும் ஒரு பிள்ளைக்கு ஒரு புள்ளிகூடக் கூட்டிப் போடுவதில்லை. பள்ளி அனுப்பும் விவரத் தாளை வைத்து, அந்தச் சூழலில் இந்தப் பிள்ளை என்ன செய்திருக்கிறாள் என்று பார்க்கிறார்கள். 1108 சராசரி உள்ள இடத்திலிருந்து வரும் 1400 தனியாகத் தெரியும்.

கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்கு இந்த ஒப்பீட்டின் பொருளே மாறிவிட்டது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் எஸ்.ஏ.டி.யைச் சேர்க்கையில் பார்ப்பதே இல்லை. அங்கேயும் தன் பள்ளியில் முதல் 9 சதவீதத்துக்குள் வரும் பிள்ளைக்குத் தனி வழி இருக்கிறது.

தம்பிக்கு நான் சொன்னது

ஆ வீட்டை எடு என்றேன். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் பள்ளியின் கவுன்சிலரிடம் (பாடத் தேர்வுக்கும் கல்லூரி விண்ணப்பத்துக்கும் வழிகாட்டுபவர்) நான்கு விஷயம் கேட்கச் சொன்னேன். எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா முடித்து வரும் பிள்ளைக்கு ஏ.பி. கால்குலஸ் பி.சி. (ஹைஸ்கூலிலேயே கல்லூரி அளவில் நடத்தும் நுண்கணிதப் பாடம்) வரை வழி இருக்கிறதா, வகுப்பு உண்மையிலேயே நடக்கிறதா, பட்டியலில் மட்டும் இருக்கிறதா? ஏ.பி. தேர்வு எழுதுகிறவர்களில் எத்தனை பேர் 5-க்கு 3 அல்லது அதற்கு மேல் வாங்குகிறார்கள்? கணிதத்தில் 530, மொழியில் 480 என்ற கல்லூரித் தகுதி வரம்பைத் தாண்டுகிறவர்கள் எத்தனை சதவீதம்? ஒரு கவுன்சிலருக்கு எத்தனை பிள்ளைகள்? கடைசிக் கேள்விக்கு 250 என்பதுதான் பள்ளிக் கவுன்சிலர்கள் சங்கத்தின் பரிந்துரை. 500 என்று பதில் வந்தால் நம் பிள்ளைக்கான வேலையை நாமே பார்க்க வேண்டியிருக்கும்.

"கால்குலஸ் பி.சி. இல்லேன்னா?" என்று கேட்டான்.

"இல்லேன்னா அ வீடுதான்டா. அந்த நாப்பதாயிரத்துக்கு அர்த்தம் இருக்கு" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். கணிதத்தில் ஓட நினைக்கும் பிள்ளைக்குப் பதினோராம் வகுப்போடு பாதை முடிந்துவிட்டால் அதைச் சராசரிக் கணக்கு எதுவும் சரிசெய்யாது.

மூன்று நாள் கழித்துக் கூப்பிட்டான். பி.சி. இருக்கிறது, ஒரே ஒரு வகுப்பு, 28 பேர். ஏ.பி. ஃபிசிக்ஸ் ஆசிரியர் போன வருடம் போய்விட்டார், புது ஆள் இன்னும் வரவில்லை. கவுன்சிலருக்கு 340 பிள்ளைகள். வரும் வெள்ளிக்கிழமை பள்ளிக்கு நேரில் போகிறார்கள். மருமகளையும் கூட்டிக்கொண்டு போய், ஃபிசிக்ஸ் பற்றி அவளையே கேட்கவிடச் சொல்லியிருக்கிறேன்.