உப்புக்காற்றில் பாய்லர்: நீர் நிரப்பி வைப்பதா, உலர்த்தி வைப்பதா?

நீராவி எஞ்சினின் பாய்லரை, ஓடுவதைவிடச் சும்மா நிற்பதுதான் வேகமாக அரிக்கும். அதிலும் மண்டபம், பாம்பன் காற்றில் நிறுத்தி வைப்பதென்றால் முறையை முன்பே முடிவு செய்ய வேண்டும்.

ஒரு மாதத்துக்குள் மறுபடி நெருப்புப் போடுவதானால் நீர் நிரப்புவது போதும். டோம் (பாய்லர் மேலுள்ள நீராவிக் குமிழ்) உச்சி வரை, காற்றே தங்காதபடி நிரப்பி, நீரிலுள்ள ஆக்சிஜனை நீக்கும் சோடியம் சல்பைட் 200 பிபிஎம் (பத்து லட்சத்தில் 200 பங்கு), காஸ்டிக் சோடாவால் பிஎச் 11 அளவில் வைத்து வாராவாரம் சோதியுங்கள். சல்பைட் குறைந்துகொண்டே போனால் எங்கோ காற்று புகுகிறது. பாதி நீரோடு விடுவது பெருந்தவறு. நீர்மட்டக் கோட்டிலேயே குழி விழும். தீவின் உவர்க் கிணற்று நீர் வேண்டவே வேண்டாம், ஆர்.ஓ. நீர்தான் சரி. காலை ஈரத்தில் குளிர்ந்த பாய்லர் வெளியே வியர்க்கும். பாய்லரைப் போர்த்தியிருக்கும் உறைத்தகட்டுக்கு அடியில் துரு அங்கேதான் தொடங்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழை முழுக்க நிற்குமானால் என் தேர்வு உலர்முறைதான். வேலை அதிகம். கை பொறுக்கும் சூட்டில் நீரை வடித்து, வாஷ்அவுட் பிளக்குகளை (கழுவுவதற்கான துளைகளின் அடைப்புகளை) கழற்றி, ஃபயர்பாக்ஸின் (நெருப்பு எரியும் அறையின்) அடிவளையச் சேற்றை நீர் பீய்ச்சிக் கழுவி, வெப்பக்காற்றால் உலர்த்துங்கள். நீராவியை மேலும் சூடாக்கும் சூப்பர்ஹீட்டரின் குழாய் வளைவுகளில் தேங்கும் நீரை அழுத்தக் காற்றால் ஊதாவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண். பிறகு கன மீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ புதிதாகச் சுட்ட சுண்ணாம்பைத் தட்டுகளில் வைத்து மூடுங்கள். ஈரம் இழுத்தால் அது உப்பும், பாதித் தட்டுக்கு மேல் நிரப்பாதீர்கள். பொடிந்துவிட்டால் மாற்றுங்கள்.

எந்த முறையானாலும் புகை செல்லும் குழாய்களின் கரியைத் துடைத்து, புகைபோக்கியை மூடுங்கள். கரியிலுள்ள கந்தகம் ஈரம் பட்டால் அமிலமாகும். நீர் நிரப்பும் முன் சுண்ணாம்புத் தட்டுகளை எண்ணி வெளியே எடுங்கள்.