துபாய் ஸ்டாலா, வீடியோ அழைப்பா, ஜூன் மாதக் கிருஷ்ணகிரியா?

கூழ் வாங்கும் வெளிநாட்டு பையரை (வாங்குபவரை) பிடிக்க கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளுக்கு இன்று மூன்று வழி இருக்கிறது: கண்காட்சிக்குப் போய் ஸ்டால் போடுவது, வீடியோவில் பேசி முடிப்பது, பையரையே இங்கு வரவழைப்பது. வருங்காலம் மூன்றாவதில்தான் என்பது என் கணிப்பு. அதைத்தான் நாம் கண்டுகொள்ளாமல் இருக்கிறோம்.

துபாயின் கல்ஃபுட் உணவுக் கண்காட்சி ஒவ்வொரு வருட ஆரம்பத்திலும் நடக்கிறது. நம் சீசனுக்கு முன்னால் வருவதால் அந்த வருட ஆர்டரை அங்கேயே பேசத் தொடங்கலாம். ஜெர்மனியின் கொலோன் நகரில் நடக்கும் அனுகா உணவுக் கண்காட்சி, ஒற்றைப்படை ஆண்டுகளில் அக்டோபரில் வரும். அதற்குள் டிரம்கள் நிரம்பி குடோனில் நிற்கும். கையிருப்பை விற்கத்தான் அது உதவும். முகம் தெரியாத பையர்கள் ஒரே இடத்தில் கிடைப்பது கண்காட்சியில்தான், மறுக்கவில்லை. ஆனால் வாடகை, விசா, டிக்கெட், ஓட்டல் என்று கூட்டினால் சின்ன ஆலைக்குத் தாங்காது. போவதென்றால் மத்திய அரசின் வேளாண் ஏற்றுமதி அமைப்பான அபெடா அமைக்கும் இந்திய அரங்கில் இடம் கேட்டுப் போவதே நல்லது.

வீடியோ 2020-க்குப் பிறகு எல்லோருக்கும் பழகிவிட்டது. பழைய வாடிக்கையாளரிடம் விலை, கப்பல் தேதி, லேபிள் பேச அது போதும். அதற்காக விமானம் ஏறுவது வீண் செலவு. புது பையரிடம்தான் எடுபடாது. கூழின் நிறம் டியூப்லைட்டில் ஒன்று, வெயிலில் ஒன்று, கேமராவில் வேறொன்று. இனிப்பைக் காட்டும் பிரிக்ஸ் எண்ணைச் சொல்லிவிடலாம், தோத்தாபுரி மாம்பழத்தின் புளிப்பை எப்படிக் காட்டுவது? சாம்பிள் கூரியரில் போய், அங்கே ஆய்வகத்தில் பார்த்து, பதில் வருவதற்குள் சீசனே ஓடிவிடும்.

ஜூனில் இங்கு வருகிற பையரோ தோட்டத்தைப் பார்ப்பார், மண்டியில் இறங்கும் காயைப் பார்ப்பார், பழம் கழுவுவதிலிருந்து பையில் நிரப்பி டிரம்மில் அடைப்பது வரை கூடவே நிற்பார். ஆறிய கூழில் ஒரு சொட்டு எடுத்து ரிஃப்ராக்டோமீட்டர் கண்ணாடியில் விட்டு, மூடியை அழுத்தி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து அவரே பிரிக்ஸ் பார்க்கட்டும். அந்த நம்பிக்கையை எந்த கேட்டலாக்கும் தராது. என்ன மருந்து, எப்போது அடித்தீர்கள் என்று விவசாயியிடமே கேட்கலாம். ஐரோப்பிய பையருக்கு இது பெரிய விஷயம். மாங்கனிக் கண்காட்சியும் சீசனையொட்டித்தான் கிருஷ்ணகிரியில் நடக்கிறது. அதோடு சேர்த்து பையர் சந்திப்பு நடத்த இரண்டு நாள் ஒதுக்கலாமே!

சிக்கல்களும் உண்டு. தேவனஹள்ளி விமான நிலையம் பெங்களூருக்கு வடக்கே, நாம் தெற்கே. வருகிறவர் அந்த நெரிசலைத் தாண்டித்தான் வர வேண்டும். கிருஷ்ணகிரி டவுனுக்கு ரயிலும் கிடையாது. ஓசூரில் 2,000 ஏக்கரில் விமான நிலையம் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். அதை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. கூட்டம் போட மண்டபங்கள் தாராளமாக இருக்கின்றன, ஆனால் ஜூன் என்றால் வைகாசி, ஆனி முகூர்த்தம். முன்கூட்டியே பதிவு செய்யாவிட்டால் கிடைக்காது.

என்னைக் கேட்டால், முதல் அறிமுகம் கல்ஃபுட்டில் ஆகட்டும், ஜூன் அழைப்பை அங்கேயே கொடுத்துவிடுங்கள், மற்ற பேச்சு வீடியோவில் நடக்கட்டும். தனி ஆலைக்கு இது கஷ்டம்; நாலைந்து ஆலைகள் சேர்ந்தால் கார், மண்டபம், ஓட்டல் செலவைப் பிரித்துக்கொள்ளலாம். பக்கத்து ஆலைக்காரர் பையரைத் தட்டிக்கொண்டு போய்விடுவாரோ என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் அதே பையர் கல்ஃபுட்டில் நம் ஸ்டாலிலிருந்து நாலடி நடந்தால் பக்கத்து ஆலைக்காரரிடம்தான் போய் நிற்கப்போகிறார்.